நாலு சிப்பி பாக்கி

கருப்பனின் இடது கண் போன பிறகுதான் எங்கள் ஆட்கள் கோட்டைக்குப் போனார்கள். அதற்கு முன்னால் பல் போயிருந்தது, கை முறிந்திருந்தது, நிச்சயமான ஒரு கல்யாணம் நின்றுபோயிருந்தது. அதற்கெல்லாம் அசையாதவர்கள் கண்ணுக்கு அசைந்தார்கள். கருப்பன் என் கொழுந்தன். அவன் கண்ணில் துடுப்பால் இடித்தது என் கூடப் பிறந்த அண்ணன் பச்சைமுத்து. நான் யார் வீட்டில் போய் அழுவது? அடுப்படியில் உட்கார்ந்து எனக்கு நானே அழுதுகொண்டேன்.

பழவேற்காட்டு ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் வலை கட்டத் தோதான இடம் ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு குப்பம் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மேலக்குப்பம் நான் பிறந்த இடம், கீழக்குப்பம் வாழ்க்கைப்பட்ட இடம். ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும்போது ஒரு குப்பம் கட்டும். தண்ணீர் திரும்பி உள்ளே ஏறத் தொடங்கினால் அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு வர, மற்றவர்கள் இறங்குவார்கள். மறுநாள் முறை மாறும். பாடு என்று இதற்குப் பெயர். உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சு வெள்ளைக்காரர்கள், கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே எங்களுக்குப் பாடு உண்டு, பாட்டுக்குச் சண்டையும் உண்டு.

தண்ணீர் திரும்பிவிட்டதா இல்லையா என்று யார் சொல்வது? அதற்குத்தான் இலை. எல்லையில் நட்ட கழிக்குப் பக்கத்தில் இரண்டு குப்பத்து ஆட்களும் நின்று மூன்று பூவரச இலைகளைத் தண்ணீரில் விடுவார்கள். மூன்றும் ஏரிப் பக்கம் நகர்ந்தால் பாடு கை மாறும். கேட்பதற்குச் சுலபம். இலை நகரும், ஆனால் அதைத் தள்ளுவது தண்ணீரா காற்றா? "காத்துடா" என்பான் ஒருவன். "உன் கண்ணுல காத்து" என்பான் இன்னொருவன். ஒருவன் குதிகாலுக்கு அடியில் மண் எந்தப் பக்கம் அரிக்கிறது என்று காட்டுவான், ஒருவன் நுரையைக் காட்டுவான், ஒருவன் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துக் கரிப்புப் பார்த்துத் துப்புவான். கரையில் கூடையோடு நிற்கிற பெண்களான நாங்களும் விடமாட்டோம். அரை நாழிகை அந்த முகத்துவாரமே சந்தை போல இருக்கும்.

அந்தக் கூச்சலில் என் அண்ணன் குரல்தான் முதலில் எழும். இலை தண்ணீரைத் தொடுவதற்குள் "திரும்பிடுச்சி" என்பான். அவன் முறை வரவேண்டும் என்றால் தண்ணீர் திரும்பியே ஆகவேண்டும். பாதி நாள் அது பொய். பொய் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவன் அப்படிக் கத்தியதும் கீழக்குப்பமே குனிந்து தண்ணீரை உற்றுப் பார்த்து, அது பொய் என்று நிரூபிக்கத் துடிக்கும். அப்படி ஒரு நாள் நிரூபிக்கப் போன கருப்பனுக்குத்தான் கண் போனது.

கோட்டையில் இருந்த அதிகாரி நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சைத் துபாஷி அவர் பாஷையில் எடுத்துச் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டாராம். இலையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சிரித்தாராம். பிறகு உள்ளே போய் ஒரு மணல் குடுவையைக் கொண்டுவந்து இரண்டு குப்பத்துக்கும் தலைவரான எங்கள் நாட்டார் வேதாசலம் கையில் கொடுத்தார். கழுத்தோடு கழுத்து வைத்து நூலும் மெழுகுமாகக் கட்டிய இரண்டு கண்ணாடிச் சுரைக்காய்கள், சுற்றிலும் மரச் சட்டம். மேலே இருக்கிற மணல் கீழே இறங்கி முடிய ஒன்றேகால் நாழிகை. கப்பல்காரர்கள் இதை வைத்துத்தான் காவல் முறை மாற்றுகிறார்கள் என்று துபாஷி சொன்னார். சூரியன் தலை காட்டியதும் கவிழ்க்கத் தொடங்க வேண்டும். பன்னிரண்டு தடவை ஓடி முடிந்தால் உச்சி. அதுவரை ஒரு குப்பம், உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை மற்றக் குப்பம். மறுநாள் மாற்றி. இலையும் வேண்டாம், காற்றும் வேண்டாம்.

குடுவையை யார் கவிழ்ப்பது என்று அடுத்த சண்டை கிளம்பியது. மேலக்குப்பத்தான் கையில் கொடுத்தால் கீழக்குப்பத்தான் ஒப்பமாட்டான். கடைசியில் நாட்டார் என் பெயரைச் சொன்னார். "பவுனம்மா அங்க பொறந்தவ, இங்க வாய்க்கப்பட்டவ. ஒரு பக்கம் சாஞ்சா இன்னொரு பக்கம் சோறு கெடையாது. அவளே பாக்கட்டும்."

அம்மன் முன்னால் என்னைச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். மணல் முடியாமல் கொடி ஏற்றமாட்டேன், முடிந்த பிறகு ஒரு கணமும் தாமதிக்கமாட்டேன் என்று கற்பூரத்தை அணைத்தேன்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதுவரை என்னிடம் எவன் என்ன கேட்டான்? கரையில் ஓலைக் கொட்டகை போட்டு, ஆடாத பலகை ஒன்றை மண்ணில் இறக்கி, அதன்மேல் குடுவையை வைத்தேன். கணக்குத் தப்பாமல் இருக்கப் பன்னிரண்டு சிப்பி. ஒரு தடவை கவிழ்த்தால் ஒரு சிப்பி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போகும். கடைசிச் சிப்பியின் மணலும் முடிந்ததும் மூங்கிலில் சிவப்புத் துணியை ஏற்றுவேன். துணி ஏறியதும் கத்தாமல் முணுமுணுக்காமல் ஒரு குப்பம் வலையைச் சுருட்டும், மற்றக் குப்பம் இறங்கும். ஆறு மாதம் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. நின்றுபோன கல்யாணம் நடந்தது. கருப்பனும் என் அண்ணனும் அந்தப் பந்தியில் நாலு இலை தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். குடுவையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் தினமும் இரண்டு நாழிகை பிந்தித்தான் திரும்பும். அதற்கு நம் உச்சிப் பொழுது தெரியாது. அதனால் சில நாள் ஒரு குப்பத்துக்கு நல்ல ஓட்டம் முழுசாகக் கிடைக்கும், மற்றதற்கு ஓட்டமில்லாத செத்த தண்ணீர்தான். பதினைந்து நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று நாட்டார் கணக்குச் சொன்னார். சரியாகத்தான் ஆனது. ஆனால் அதன் பிறகு தண்ணீர் எப்போது திரும்பினால் யாருக்கு என்ன? ஆண்கள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி என் கொட்டகையைப் பார்த்தார்கள். பெண்கள் "எத்தினி சிப்பிடி?" என்று கேட்டார்கள். நானோ கண்ணை எடுக்காமல் மணலைப் பார்த்தேன். முகத்துவாரத்தில் உட்கார்ந்துகொண்டு தண்ணீரைப் பார்க்காமல் ஆறு மாதம் இருந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஐப்பசியில் ஒரு நாள் கொட்டகையில் கண் அசந்துவிட்டேன். எப்போது மணல் முடிந்ததோ தெரியாது. கொடி தாமதமாக ஏறியது. அன்றைக்குத் தாமதத்தில் லாபம் மேலக்குப்பத்துக்கு. சாயங்காலம் என் வீட்டுக்காரர் தனக்கோடி சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாயா, துன்னு" என்றேன்.

"உங்க அண்ணனுக்காவ தூங்கினியா, நெசமாவே தூங்கினியா?"

"அம்மன் மேல ஆணையா தூங்கிட்டேன்யா."

"நான் நம்புவேன். கருப்பன் நம்பமாட்டான். ஊரு நம்பாது. இன்னொருக்கா ஆச்சின்னா நீ உன் நைனா வூட்டுக்கே போவ வேண்டிதான்." அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். பயந்துபோய்ச் சொன்னார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் கண்ணில் உப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதற்கு ஐந்தாம் நாள், தசமி. காலை முறை கீழக்குப்பத்துக்கு. என் வீட்டுக்காரரும் கருப்பனும் இன்னும் நாலு பேரும் தண்ணீரில் நின்றார்கள். வானம் சாம்பல் பூசியிருந்தது. மழை இல்லை. காற்று சுத்தமாக இல்லை, கொட்டகை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. இறால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. கூடை கூடையாகக் கரைக்கு வந்துகொண்டே இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் பாடுவது காதில் விழுந்தது. மேலக்குப்பத்தார் கரையில் குந்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிறெரியாமல் எப்படி இருக்கும்?

எட்டுச் சிப்பி இடப்பக்கம் போயிருந்தது. அண்ணன் கொட்டகைக்கு வந்தான். முழங்காலுக்கு மேல் ஈரம்.

"பவுனு, கொடிய ஏத்து."

நான் மணலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாலு சிப்பி பாக்கி."

"சிப்பிய தூக்கிப் போடு. தண்ணி சரியில்ல. தசமிக்கு இந்நேரம் வத்தி முழங்காலுக்கு நிக்கணும். இடுப்புக்கு நிக்கிது. காலையிலேர்ந்து ஏரித் தண்ணி வெளிய போவவே இல்ல. வாயில ஊத்திப் பாத்தேன், அவ்ளோ கரிப்பு. கடலு உள்ள தள்ளிக்கினு கீது."

"அப்டினா இறாலு எப்டிணா கொட்டுது?"

"அதுங்களுக்கும் போவ வழியில்ல, அதான். வந்து ஒருக்கா எறங்கிப் பாரு. உன் கால வச்சிப் பாரு."

அப்போது நான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். தண்ணீரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் எனக்குத் தெரிந்தது அந்தப் பழைய "திரும்பிடுச்சி"தான். சின்ன வயதிலிருந்து எத்தனை பொய் பார்த்திருக்கிறேன். கரையில் கூடை நிறைகிற நாள் பார்த்துத்தானா உனக்குத் தண்ணீர் சரியில்லாமல் போகும்?

"ஆறு கூட இறாலு உன் கண்ண உறுத்துது. உன் வயிறு பேசுதுணா. போய் ஒக்காரு" என்றேன்.

அவன் திட்டவில்லை. என்னைத் திட்டாமல் அவன் போனது அதுதான் முதல் தடவை. "சரி, நீ கொடிய ஏத்தாத. நான் போயி சொல்றேன்" என்று இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.

கொடி ஏறாமல் மேலக்குப்பத்தான் ஒருவன் எங்கள் பாடு நடக்கும்போது தண்ணீரில் இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் இறங்கியது பச்சைமுத்து. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு "கரைக்கு வாங்கடா, கரைக்கு வாங்க" என்று கத்திக்கொண்டே போனான். எங்கள் ஆட்கள் காதில் விழுந்ததோ இடத்தைவிட்டு விரட்டுகிற குரல். கருப்பன் ஒற்றைக் கண்ணால் அவனைப் பார்த்தான், வலைக் கழியைப் பிடுங்கினான். முதல் அடி தோளில் விழுந்தது. அண்ணன் திருப்பி அடிக்காமல் அவனைத் தாண்டிப் போனான். வலையின் வால் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் வழக்கம். அந்தக் கயிறு அன்றைக்கு என் வீட்டுக்காரர் இடுப்பில் இருந்தது. அண்ணன் கத்தியை எடுத்து அதை அறுத்தான்.

அடுத்தவன் வலைக் கயிற்றை அறுப்பது எங்களிடம் கொலைக்குச் சமம். கொட்டகையில் நான் எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் அவனை உதைப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால், மணல் திட்டுக்கு அந்தப் பக்கம், கடல் ஒரு பனை உயரத்துக்கு எழும்பி நின்றதும் தெரிந்தது. காற்றில்லாத அந்தப் பகலில் அது சத்தமே இல்லாமல் வந்தது.

மூன்று அலை. முதல் அலை கழிகளைச் சாய்த்தது. இரண்டாவது என் கொட்டகையின் கால்வரை வந்தது. மூன்றாவது வந்து போனபோது முகத்துவாரத்தில் வலையும் இல்லை, ஆளும் இல்லை. கரையிலிருந்த மேலக்குப்பத்தார் ஒருவர் விடாமல் தண்ணீரில் பாய்ந்தார்கள். ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார்கள். கருப்பன் வந்தான். என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தபடி தவழ்ந்து வந்தார். மற்ற நாலு பேரும் வந்தார்கள். அண்ணன் வரவில்லை.

நான் அந்த நேரம் என்ன செய்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. பலகை அசையவில்லை, குடுவை அப்படியே நின்றது. மேல்பக்கம் காலியானது என் கண்ணில் பட்டது. கை தானாக நீண்டு அதைக் கவிழ்த்தது. ஒரு சிப்பியை இடப்பக்கம் தள்ளி வைத்தேன். அதன் பிறகுதான் அலறினேன்.

அன்று சாயங்காலம் புயல் பிடித்து இரண்டு நாள் அடித்தது. மூன்றாம் நாள் ஏரிக்குள் தாழைப் புதரோரம் அண்ணன் கிடைத்தான். அறுத்துவிட்ட வலை அவன் காலையே சுற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர்தான் அதைப் பிரித்தார். பிரிக்கப் பிரிக்க ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கயித்த அறுத்தான், மூஞ்சிலயே ஒதச்சேன். அறுக்காம வுட்ருந்தா நான்தான் இந்த வலையில கெடந்திருப்பேன். மூஞ்சிலயே ஒதச்சேன்."

ருக்கு அண்ணி பதினாறாம் நாள் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் அவளே வந்து என் வாசலில் நின்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவுரு சொன்னதால நம்பலயா? இல்ல, தண்ணிய பாத்தும் நம்பலயா?"

"தண்ணிய பாக்கல அண்ணி" என்றேன்.

வெளுத்து வாங்குவாள் என்று நினைத்தேன். முதுகைக் காட்டிக்கொண்டுகூட இருந்தேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். இலை இருந்த காலமாக இருந்தால் நான் அவனை நம்பியிருக்கவே வேண்டாம். பொய்யனே, காட்டுகிறேன் பார் என்று நானே இறங்கியிருப்பேன். என் குதிகால் எனக்குச் சொல்லியிருக்கும். காற்றின் மேல் பழி போடவும் முடியாத நாள் அது, அந்த மூன்று இலையும் உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லியிருக்காது.

குடுவையைத் திருப்பிக் கொடுக்க நாட்டாரோடு நானும் கோட்டைக்குப் போனேன். துபாஷி அதை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். "உடைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நல்லாத்தான் ஓடுது."

"மணல் தவறுகிறதா?"

"ஒரு நாளும் தப்பினதில்லீங்க."

"பிறகு எதற்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்?"

நாட்டார் என்னைப் பார்த்தார். குடுவைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றேகால் நாழிகை ஓடு என்றார்கள், ஓடியது. கடலைப் பார் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லையே. அதை என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள், பிறந்த நாளிலிருந்து. "எங்களுக்கு ஒத்து வரலீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் இறங்கு நீரில் கீழக்குப்பம் வலை கட்டியது. நீர் திரும்புகிற வேளை நெருங்கியதும் இரண்டு குப்பத்தாரும் எல்லைக் கழியைச் சுற்றி இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் இலை. நாட்டார் மூன்று பூவரச இலைகளைத் தண்ணீரில் விட்டார். லேசாகக் காற்று இருந்தது. இலைகள் தயங்கித் தயங்கி நின்றன.

யாரும் கத்தவில்லை. என் வீட்டுக்காரர் மேலக்குப்பத்தாரைப் பார்த்து, "நீங்க சொல்றதுதான், எறங்குங்க" என்றார். அவர்கள், "அவசரமில்லபா, நீங்களே இருங்க, வேணும்னா நாளைக்கு வர்றோம்" என்றார்கள். கருப்பன் தலையைக் குனிந்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் பார்த்தேன். அத்தனை பேரும் அத்தனை மரியாதையாக நின்றார்கள். ஒருவன்கூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை.

இப்படியே போனால் இன்னொருவனையும் கடலுக்குக் கொடுக்க வேண்டியதுதான். கூடையைக் கரையில் எறிந்துவிட்டுப் புடவையோடு இறங்கினேன். பெண்கள் எல்லைக் கழிவரை போவது வழக்கமில்லை. யாரும் தடுக்கவில்லை. அண்ணன் நிற்கிற இடம் எனக்குத் தெரியும், கழிக்கு இடப்பக்கம், நாட்டாருக்கு எதிரே. அங்கே போய் நின்றேன். குதிகாலுக்கு அடியில் மண் இன்னும் கடல் பக்கமாகத்தான் அரித்துக்கொண்டிருந்தது. இலைகளில் ஒன்றுகூட உள்ளே நகரவில்லை.

"திரும்பிடுச்சி" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

ஒரு கணம் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் முகம் கோணியது. கருப்பன் மெல்லக் கண்ணைத் திறந்தான்.

"பொய்" என்றான். "இன்னும் திரும்பல."

"காட்டுடா பாக்கலாம்."

அவன் குனிந்தான். பிறகு ஒவ்வொருவராக இரண்டு குப்பமும் குனிந்தது.